லீற்றர் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: வலிகாமத்தில் உள்ள பிரதேச சபை ஒன்றில் வாகனப் பிரிவைப் பார்க்கிறேன். டபிள் கப் ஒன்று, பெற்றோல் வான் ஒன்று, குப்பை ஏற்றும் உழவு இயந்திரங்கள் மூன்று, சில மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. மாற்று எரிபொருளுக்குப் போனால் எவ்வளவு மிச்சம் என்று அறிக்கை தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். எரிவாயு (எல்பிஜி), பயோ டீசல் (தாவர எண்ணெயில் செய்வது), மின்சாரம் மூன்றையும் லீற்றர் விலை, அலகு விலை என்று ஓர் அட்டவணையில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. எல்லா எரிபொருளிலும் லீற்றருக்கு ஒரே அளவு சக்தி இருப்பதில்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லீற்றர் எதனோலில் (எரிபொருளாகப் பாவிக்கும் மதுசாரம்) இருக்கிறது. எரிவாயுவுக்கு மாற்றிய வான், முன்பு குடித்த பெற்றோலைவிட 20 முதல் 25 வீதம்வரை கூடுதலான லீற்றர் குடிக்கும். கலப்பில்லாத பயோ டீசலில் டீசலைவிட 8 வீதமளவு சக்தி குறைவு. டீசலில் 20 வீதம் மட்டும் கலந்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு வீதத்துக்குள் நின்றுவிடும். ஆகவே எரிவாயு லீற்றருக்கு 15 வீதம் மலிவு என்று நீங்கள் எழுதினால், அது மிச்சம் போலத் தெரியும். ஓடிப் பார்த்தால் நட்டமாக இருக்கும்.

அரச வாகனங்களில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. மத்திய அரச நிறுவனங்கள் புதிதாக வாங்கும் இலகு ரக வாகனங்களில் 75 வீதம் மாற்று எரிபொருளில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற நிலைக்கு, 1992இல் வந்த எரிசக்திச் சட்டம் அவற்றைக் கொண்டுவந்தது. பெற்றோலிலும் ஓடும், 85 வீதம்வரை எதனோல் கலந்த எரிபொருளிலும் ஓடும் வாகனங்களாகப் பார்த்து வாங்கினார்கள். ஆனால் அந்த எரிபொருள் கிடைக்கும் நிலையங்கள் குறைவு. எனவே பல வாகனங்கள் பெற்றோலிலேயே ஓடின. 2005இல் இன்னொரு சட்டம் வந்து, மாற்று எரிபொருளைத்தான் நிரப்ப வேண்டும் என்றது. கூடவே விலக்கும் கொடுத்தது: 5 மைல் தூரத்துக்குள் அல்லது 15 நிமிட ஓட்டத்துக்குள் கிடைக்காவிட்டால், அல்லது பெற்றோலைவிட விலை கூடினால், நிரப்பத் தேவையில்லை. இந்த விலக்கை உங்கள் அறிக்கையில் ஒரு கேள்வியாக மாற்றிப் போடுங்கள். நிரப்பும் இடத்துக்குப் போய்வர எத்தனை கிலோமீற்றர் வீணாகும்? அந்த வெற்று ஓட்டமும் செலவுதான். சாரதியின் நேரமும் செலவுதான். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இது விளங்கும்.

சரி, எப்படி ஒப்பிடுவது? ரன்னிங் சாட்டில் (வாகனத்தின் ஓட்டப் பதிவேடு) இருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வாகனமும் கடந்த ஒரு வருடத்தில் ஓடிய தூரம், நிரப்பிய லீற்றர், திருத்தச் செலவு மூன்றையும் எடுத்து, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்று காணுங்கள். எந்த மாற்று எரிபொருளையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

உழவு இயந்திரத்துக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அது ஒழுங்கைக்குள் பத்தடி நகர்ந்து நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்தால் பிரித்தால் பயங்கரமான ஓர் எண் வரும், அதற்குப் பொருளும் இருக்காது. எஞ்சின் ஓடிய மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர், அல்லது ஒரு லோட் குப்பைக்கு எத்தனை லீற்றர் என்று எழுதுங்கள். இதில் எரிபொருளை மாற்றாமலே மிச்சம் பிடிக்கலாம் என்பது என் அனுபவம். நிற்கும் இடங்களில் எஞ்சினை நிறுத்தச் செய்வதும், ஒழுங்கைகளின் வரிசையை மாற்றி அமைப்பதும் முதலீடே இல்லாத வேலைகள். அறிக்கையில் இதை முதலில் வையுங்கள்.

அப்புறம் விலை. இன்றைய விலையை நம்பிப் பத்து வருடத்துக்கு வாகனம் வாங்க முடியாது. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், யூன் கடைசியில் 460 ரூபா. மின்சாரமும் சும்மா இருக்கவில்லை: 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறி, 2024இல் இறங்கியது. எனவே கணக்கை மூன்று தரம் போடுங்கள்: இன்றைய விலையில் ஒன்று, எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் ஒன்று, மின்கட்டணம் ஒன்றரை மடங்கானால் ஒன்று. மூன்றிலும் இலாபம் வந்தால் துணிந்து பரிந்துரைக்கலாம்.

மானிய விலையை நம்புவது இன்னும் ஆபத்து. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் அறிவார்கள். காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை இளக்கிவிடும், பிஸ்டன் தேயும். வேறு வழியில்லாத காலத்தில் நம்முடைய மெக்கானிக்குகள் செய்த அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அது மலிவான வழி அல்ல. செலவு எஞ்சின் வேலையாகப் பிறகு வந்தது. மானிய விலையில் விற்ற அதே மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானது.

இனி உங்கள் மூன்று தெரிவுகள். எரிவாயுக் கருவி பெற்றோல் வானுக்குத்தான் பொருந்தும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, ஆகவே டபிள் கப்பையும் உழவு இயந்திரத்தையும் இந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் பூட்டும் யோசனையை யாராவது சொன்னால் எழுத்திலேயே மறுத்துவிடுங்கள்.

பயோ டீசலைச் சபையிலேயே தயாரிக்கலாமே, சாப்பாட்டுக் கடைகளில் பொரித்த எண்ணெய் கிடைக்குமே என்று யாராவது கேட்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணெயைப் பயோ டீசலாக்க, 100 லீற்றர் எண்ணெய்க்கு 20 லீற்றரளவு மெதனோல் வேண்டும். அது நஞ்சு, இலகுவில் தீப்பற்றும். கிளிசரின் கழிவு மிஞ்சும், பயோ டீசலைக் கழுவிய நீர் மிஞ்சும். நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு, கழிவுநீருக்கு வழி செய்யாமல் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன். எண்ணெயை அப்படியே தாங்கியில் ஊற்றுவதும் சரியல்ல. தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைவதை நாம் பார்க்கிறோம்; அது பில்டரிலும் உறையும்.

மின்சாரம்தான் உங்கள் சபைக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். வாகனம் ஒவ்வொரு மாலையும் முற்றத்துக்குத் திரும்புகிறது, நாளாந்த ஓட்டமும் குறுகியது. சும்மா ஒரு கணக்குப் பாருங்கள், உங்கள் எண்களைப் பிறகு போடலாம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா, வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 30 ரூபா. சிறிய மின்சார வான் ஓர் அலகில் 5 கிலோமீற்றரளவு போகும். அலகு 45 ரூபா, சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் 10 வீதத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 ரூபா. ஆக, மிச்சம் 20 ரூபா. மின்சார வானுக்கு 30 இலட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தால், அதை மீட்க 150,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு அது 5 வருடம். மாதம் 1,000 ஓடும் வாகனத்துக்குப் பன்னிரண்டரை வருடம், அதற்குள் பற்றரியும் களைத்துவிடும். ஆகவே எது பழையது என்று பார்க்காமல், எது அதிகம் ஓடுகிறது என்று பார்த்து மாற்றுங்கள். அநேகமாக மோட்டார் சைக்கிள்கள்தான் முதலில் வரும்; ஒன்றுக்கான முதலீடும் சிறியது.

பற்றரி விடயத்தில் வெக்கையை மறக்க வேண்டாம். 2015ஐ அண்டி நம் நாட்டுக்கு வந்த நிசான் லீப் கார்களின் பற்றரிக்குத் தனியான குளிரூட்டும் வசதி இல்லை. சில வருடங்களில் அவை ஓடும் தூரம் நன்றாகக் குறைந்தது. கேள்வி (டெண்டர்) கோரும்போது பற்றரி குளிரூட்டலையும், எத்தனை வருடத்துக்கு எத்தனை வீதக் கொள்ளளவு உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கூரையில் 5 கிலோவாற் சூரியப் படல் (சோலார் பனல்) இருந்தால் நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 20 அலகளவு வரும். ஆனால் அது வரும் நேரத்தில் வாகனம் வெளியில் நிற்கும். பகலில் மின்சார சபைக்கு விற்கும் விலையும் இரவில் வாங்கும் விலையும் வேறு என்றால், இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் கணக்காளரோடு இப்போதே இருந்து பேசுங்கள். வாகனம் வாங்கும் பணம் மூலதனச் செலவில் போகும், எரிபொருள் மிச்சம் மீண்டெழும் செலவில் தெரியும். இரண்டும் ஒரே தாளில் வராவிட்டால் சபை உறுப்பினர்கள் விலையை மட்டும்தான் பார்ப்பார்கள். சார்ஜ் ஏற்றும் இடத்துக்கு முதல் நாளிலேயே தனி மீற்றர் பூட்டச் சொல்லுங்கள். அலுவலக மின்பட்டியலோடு கலந்துவிட்டால் அடுத்த வருடம் எந்த எண்ணையும் நிரூபிக்க முடியாது.