அடுப்படி கேள்வி-பதில்

கேள்வி: பாம்பனில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பெல்லட் (மரத்தூள், பயிர்க்கழிவை அழுத்திச் செய்த எரிகட்டி) அடுப்பில் சுடர் சிவந்து புகைகிறது, கொப்பரை அடியெல்லாம் கரி. அடுப்பின் ஃபேனைக் கூட்டினால் சாம்பல் பறக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, ஃபேனைத் தொடும் முன் ஒரு பெல்லட்டை ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் நல்லது. மாவாக உதிர்ந்தால் ஈரம் குடித்துவிட்டது. பெல்லட்டின் ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டினாலே சுடர் சோம்பும். வாடைக்காற்று மாதங்களில் சாக்கைப் பிரித்தபடி வைக்காதீர்கள், மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் ஊதி உப்பிய பெல்லட் பழையபடி இறுகாது.

அடுத்தது காற்று. அடித் துளைக் காற்று பெல்லட்டைப் புகையவைக்கிறது; அந்தப் புகையை எரிப்பது மேல்விளிம்புத் துளைக் காற்று. மேல்துளைகள் சாம்பலில் அடைபட்டால் புகை எரியாமல் கொப்பரையில் கரியாகப் படியும். உங்கள் கதை இதுதான் என்பது என் ஊகம். அடுப்பு ஆறியபின் கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் துடையுங்கள். ஃபேன் இறக்கையையும் பாருங்கள், உப்புக்காற்றில் துரு ஏறிக் கனத்திருக்கும்.

பிறகு ஃபேன் ரெகுலேட்டரைக் குறைவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். சுடர் வெளிர்மஞ்சளாகி, நுனியில் புகையில்லாமல் நின்றால் அங்கேயே விடுங்கள். குட்டையாகி, வெளுத்து, பொறி தெறித்தால் காற்று அதிகம். சூடு கொப்பரையில் ஏறாமல் பக்கவாட்டில் ஓடிவிடும்.

கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மட்டும் எரிக்காதீர்கள். எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.