கொள்ளுத்தாத்தாவின் சீருடை எந்தக் காலத்தது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துச் சீருடையில் நிற்கும் பழைய புகைப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. தலைப்பாகை, கையில் மூன்று பட்டை, தோளில் ‘கியூ.வி.ஓ.’ எனத் தொடங்கும் பித்தளை எழுத்துகள், இடது மார்பில் இரண்டு ரிப்பன்கள் தெரிகின்றன. முதல் உலகப்போர் தொடங்கியதுமே பஸ்ராவுக்குப் போனவர் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர் எந்தப் படையில் இருந்தார்? படம் எப்போது எடுக்கப்பட்டிருக்கும்?
– வாசகி, வேலூர்

பதில்: இத்தகைய படங்களில் எல்லோர் பார்வையும் முதலில் தலைப்பாகைக்குத்தான் போகும். ஆனால் அதைக் கட்டும் விதம் ஒரே படையிலும் காலந்தோறும் மாறியிருப்பதால், தோளில் உள்ள பித்தளை எழுத்துகளே நம்பகமானவை. ‘கியூ.வி.ஓ.’ என்பது விக்டோரியா மகாராணியின் பெயரால் வழங்கப்பட்ட சிறப்புப் பட்டம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்த சென்னை மாகாணத்து சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைக்கு 1911இல் இந்தப் பெயர் வந்தது. கைட்ஸ் போன்ற வடக்கத்திப் படைகள் சிலவற்றுக்கும் இதே பட்டம் உண்டு என்றாலும், அவை தமிழர்களைச் சேர்த்த படைகள் அல்ல. எனவே உங்கள் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர் என்றே கொள்ளலாம். மூன்று பட்டை ஹவில்தார் பதவியைக் குறிக்கும்.

ஆண்டைச் சொல்வது ரிப்பன்கள்தான். சீருடையில் உள்ளவற்றுள் கடைசியாக வழக்கத்துக்கு வந்தது எதுவோ, அதற்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. அந்தப் போரில் களம் சென்றவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டுமே 1919இல்தான் அறிவிக்கப்பட்டன. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மார்பைப் பாருங்கள். முதல் ரிப்பனில் நடுவே ஒரே நிறத்தில் அகலமான பட்டையும், அதன் இரு பக்கமும் மெல்லிய கோடுகளும் இருந்து, அடுத்தது கோடு பிரியாமல் வானவில்போல் ஒன்றோடொன்று கரைந்து தெரிந்தால், அவை இந்த இரண்டுதான். கருமையையும் வெளுப்பையும் வைத்து நிறத்தை ஊகிக்க வேண்டாம். அக்காலப் படச்சுருள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். செக்கச்சிவந்த சட்டைகூட அதில் கறுப்பாகத்தான் விழும்.

அப்படியானால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படும். 1914, 1915ஆம் ஆண்டுகளிலேயே களம் இறங்கியவர்களுக்கு இவற்றோடு நட்சத்திரப் பதக்கம் ஒன்றும் உண்டு; அதன் ரிப்பன் முதலிடத்தில் இருக்கும். அது இல்லையென்றால், அவர் பஸ்ராவுக்குப் போனது 1916இலோ அதற்குப் பிறகோதான். படம் 1919க்கு முந்தையதாக இருக்க முடியாது. 1920களில் எடுத்தது என்பது என் கணிப்பு.

இதேபோன்ற படம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோள் எழுத்து மெட்ராஸ் காலாட்படையினுடையது என்றால் ஆண்டைக் கணிப்பது இன்னும் எளிது. 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் 1923 முதல் 1928க்குள் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, 1941இல்தான் ரெஜிமென்ட் மீண்டும் உருவானது. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த படமாக இருக்க வாய்ப்பு குறைவு.

படத்தைவிட உறுதியான சாட்சி பதக்கம். முதல் உலகப்போரின் இவ்விரு பதக்கங்களின் விளிம்பிலும் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி என்பதால் எப்போதோ உருக்கப்பட்டிருக்கலாம். வெண்கலத்தாலான வெற்றிப் பதக்கம் பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கக்கூடும், தயவுசெய்து தேடிப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை மெருகேற்றாதீர்கள். தேய்க்கத் தேய்க்க விளிம்பு எழுத்து மழுங்கிவிடும். அதிலுள்ள எண்ணையும் படத்தின் முன்பக்க, பின்பக்க நகல்களையும் இணைத்து, பெங்களூரில் உள்ள, அந்த சாப்பர்ஸ் படையின் இன்றைய வடிவமான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையத்துக்கு எழுதுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். எண் இருந்தால் தேட வேண்டிய ஆள் ஒருவர்தான்.