ஒன்பது மாதத்தில் அழிந்துபோன பதிவு

உள்ளூர் சேனலில் வந்த மகளின் பள்ளி ஆட்டத்தை, இணையம் வழியாக டிவி சேனல்களைத் தரும் அமெரிக்கக் கட்டணச் சேவையான யூடியூப் டிவியில் பதிந்து வைத்தும் அது அழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பதியலாம், ஆனால் எதுவும் 9 மாதத்துக்கு மேல் இருக்காது. பதிவு இருப்பது அவர்களுடைய சர்வரில், உங்கள் வீட்டில் இல்லை. 'அளவில்லாத பதிவு' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த வரம்பையும் அதே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

சரி, இனிமேலாவது முக்கியமானதை வீட்டிலேயே பதியுங்கள். அமெரிக்காவில் ஏபிசி, என்பிசி போன்ற டிவி நிறுவனங்களின் உள்ளூர் சேனல்கள் ஆன்டெனாவில் இலவசமாக வருகின்றன. ஆன்டெனாவோடு, அதில் வருவதைப் பதியும் டாப்லோ மாதிரி ஒரு பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், டிஸ்கில் இடம் உள்ளவரை உங்கள் பதிவு உங்களிடமே இருக்கும். அப்புறம், அந்த ஆட்டத்தின் பிரதி கிடைக்குமா என்று சேனலுக்கும் பள்ளிக்கும் தேதியைக் குறிப்பிட்டு இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.