தாதியர் பரீட்சை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதியாக வேலை செய்வதற்கு எழுதவேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்என் பரீட்சை பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: 85ஆவது வினாவோடு கணினி நின்றுவிட்டால் பாஸா, பெயிலா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நின்ற இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் இலகுவாகும். உங்கள் தரம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். ஆகக் குறைந்தது 85 வினா, ஆகக் கூடியது 150. அவற்றில் 15 வினாக்கள் புள்ளியில் சேராது. ஆனால் எவை என்று தெரியாததால் ஒன்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். நேரம் 5 மணித்தியாலம், இடைவேளையும் அதற்குள்தான். 150 வரை போகும் என்று வைத்துக்கொண்டு, வினாவுக்கு 2 நிமிடம் என்று பழகுங்கள். கடைசியில் நேரம் போகிறதே என்று வாசிக்காமல் தட்டுவது பெரிய ஆபத்து. அடுத்தடுத்துத் தவறினால் உங்கள் தரம் சரிந்துகொண்டே போகும்.

கேள்வி: ‘பொருந்துவன அனைத்தையும் தெரிவுசெய்க’ என்று வரும் வினாக்களில்தான் தடுமாறுகிறேன். சந்தேகமானதையும் தெரிவுசெய்யலாமா?
– தாதிய மாணவி, மூதூர்

பதில்: வேண்டாம். இந்த வகையில் சரியான தெரிவுக்கு ஒரு புள்ளி கூடும், பிழையான தெரிவுக்கு ஒரு புள்ளி குறையும். பூச்சியத்துக்குக் கீழே மட்டும் போகாது.

இப்படி ஒரு வினா வருகிறது என்று வைப்போம். இரத்தம் ஏற்றத் தொடங்கி 15 நிமிடத்தில் நோயாளிக்கு நடுக்கமும் இடுப்பு வலியும். தெரிவுகள் ஆறு: ஏற்றுவதை உடனே நிறுத்துதல், புதிய குழாயில் நோர்மல் சேலைன் (உப்புக் கரைசல்) கொடுத்தல், வைத்தியருக்கும் இரத்த வங்கிக்கும் அறிவித்தல், பையையும் குழாயையும் இரத்த வங்கிக்கு அனுப்புதல், வேகத்தைக் குறைத்தல், அதே குழாயில் சேலைன் விடுதல். முதல் நான்கும் சரி. ஆறையும் தெரிவுசெய்தவருக்கு நான்கில் இரண்டு போய் இரண்டு புள்ளிதான் மிஞ்சும். உறுதியாகத் தெரிந்த மூன்றோடு நிறுத்தியவருக்கு மூன்று.

பலர் விழுவது கடைசித் தெரிவில்தான். சேலைன் என்ற சொல்லைக் கண்டதும் கை போய்விடும். அதே குழாயில் விட்டால், உள்ளே தேங்கி நிற்கும் பொருந்தாத இரத்தமும் சேர்ந்து உடலுக்குள் போகும். ஆகவே ஒவ்வொரு தெரிவையும் தனி வினாவாக எடுத்து, ‘இதைச் செய்தால் நோயாளிக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பக்கத்துத் தெரிவோடு ஒப்பிடாதீர்கள்.

‘மூன்றைத் தெரிவுசெய்க’ என்று எண்ணிக்கை சொல்லியிருந்தால் கதை வேறு. அங்கே பிழைக்குப் புள்ளி குறையாது. தெரியாவிட்டாலும் மூன்றையும் நிரப்புங்கள்.

கேள்வி: வார்டில் பத்து வருட அனுபவம் உண்டு. ஆனாலும் வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் வினாக்கள் பிழைக்கின்றன. ஏன்?
– தாதி, கிண்ணியா

பதில்: வார்டில் கட்டில் நிறைந்திருக்கும்போது கையில் இருப்பவரைக் கொண்டு சமாளிக்கிறோம், நோயாளியின் உறவினரும் பாதி வேலைக்குக் கைகொடுப்பார். பரீட்சையில் அந்த வார்ட் இல்லை. ஆட்களும் பொருட்களும் போதியளவு இருக்கும், சட்டம் சொன்னபடிதான் வேலை நடக்கும். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், கொடுத்த பராமரிப்பின் பலனைப் பார்த்தல் மூன்றும் பதிவுபெற்ற தாதியின் வேலை. இவற்றை உதவியாளரிடம் ஒப்படைக்கும் விடை பிழை. நிலை சீராக உள்ள நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, வெப்பநிலை எடுப்பது போன்றவற்றை உதவியாளரிடம் கொடுக்கலாம். அனுபவம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள், நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டுபிடிக்கும் வினாக்களில் அதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: மருந்துக் கணக்கில் வழி சரி, விடை பிழை. எங்கே பார்ப்பது?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முதலில் அலகைப் பாருங்கள். உதாரணமாக, நோயாளியின் எடை 154 பவுண்ட். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்து கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 18 யூனிட். பையில் 250 மில்லிலீற்றரில் 25,000 யூனிட். 154ஐ 2.2ஆல் வகுத்தால் 70 கிலோ. 70 × 18 = 1,260 யூனிட். ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட், ஆகவே மணித்தியாலத்துக்கு 12.6 மில்லிலீற்றர். பவுண்டைக் கிலோ ஆக்க மறந்தால் 27.7 வரும், இரட்டிப்புக்கும் மேலான அளவு. தசமத்தை இடையில் சுருக்க வேண்டாம். கடைசி விடையை மட்டும், வினா கேட்ட தசமதானத்துக்குச் சுருக்கி எழுதுங்கள்.