உப்பு மண்ணும் ஊறிய விதையும்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விதை நேர்த்தி, அதாவது விதைக்குமுன் விதையை ஊறவைத்துத் தயார்செய்வது பற்றி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

அண்ணே, மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்குக் கோதுமை விதையை ஏதோ கரைசலில் ஊறவைத்து, அப்புறம் உப்புத் தண்ணீரில் முளைக்கப் போடுகிறாளாம். நம் நாட்டில் கோதுமையே விளையாதே, இது எதற்கு?

தங்கச்சி, நம் ரொட்டி சானாய்க்கான கோதுமை எல்லாம் கப்பலில்தான் வருகிறது, வாஸ்தவம். ஆனால் அது விளைகிற ஹரியானா, ராஜஸ்தான், பாகிஸ்தான் பஞ்சாப், மேற்கு ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் உப்பு மண் பெரிய தலைவலி. ஹரியானாவின் கர்னாலில் 1969-ல் இதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள், உப்பு தாங்கும் கோதுமை ரகங்கள் அங்கிருந்து வந்திருக்கின்றன. உப்பு கூடினால் மண் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும், அதை வைத்து மண்ணின் உப்பை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 4-ஐத் தாண்டினால் உவர்மண். கோதுமை சுமார் 6 வரை சமாளிக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 7 விழுக்காடு போய்விடும். நெல்லுக்கு 3-லேயே இறங்குமுகம். மகள் நல்ல தலைப்பைத்தான் எடுத்திருக்கிறாள், விடுங்கள்.

வெறுமனே ஊறவைத்தால் விதைக்குள் அப்படி என்ன மாறுகிறது?

உப்பு விதையை இரண்டு வழியில் அடிக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் அதை விதை உறிஞ்சவிடாமல் உப்பு பிடித்து வைத்துக்கொள்வது முதல் அடி, உள்ளே போகிற சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துச் செல்லை நஞ்சாக்குவது இரண்டாவது. இப்போது முளைப்பைப் பாருங்கள். காய்ந்த விதை முதலில் மளமளவென்று தண்ணீர் குடிக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது போலத் தெரியும், கடைசியில்தான் வேர்முனை வெளியே எட்டிப் பார்க்கும். அந்தச் 'சும்மா இருக்கிற' நேரத்தில்தான் உள்ளே வேலை நடக்கிறது: கிழிந்த செல்சவ்வுகள் சரியாகின்றன, மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உருவாகின்றன. வேர் வருமுன் நிறுத்தி உலர்த்திவிட்டால், அந்த வேலை முடிந்த நிலையிலேயே விதை மண்ணுக்குப் போகிறது. உப்புக்குள் தடுமாறுகிற நேரம் குறைகிறது, எல்லா விதையும் ஏறக்குறைய ஒன்றாக முளைக்கிறது. வேர் வந்த பிறகு உலர்த்தினால் விதை செத்தது, அதற்கு மருந்தே கிடையாது.

நான்தான் அந்த மகள் மாமா. கால்சியம் குளோரைடு 50 மில்லிமோலார் என்று போட்டிருக்கிறேன். சரியா?

சரிதான்மா. மில்லிமோலார் என்பது கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்கிற கணக்கு. டப்பாவில் 'டைஹைட்ரேட்' என்று இருந்தால் லிட்டருக்கு 7.35 கிராம், நீரற்றது என்றால் சுமார் 5.5 கிராம். லேபிளைப் பார்க்காமல் நிறுக்காதே. ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு கரைசல், 12 மணி நேரம். மீன் தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றை உள்ளே ஓடவிடு, விதைக்கும் மூச்சு வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட்டு உலர்த்து.

இந்த உலர்த்துவதில்தான் நம் ஊர் காலை வாரும். கோதுமை விளைகிற ஊர்ப் புத்தகத்தில் 'நிழலில் உலர்த்தவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவான், இங்கே மழைக்கால இரவில் நிழலில் வைத்தால் பூஞ்சணம்தான் பூக்கும். ஏர்கோன் அறையில் வலைத்துணி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறி போடு. ஊறவைக்குமுன் 100 கிராம் இருந்தால், திரும்ப 100-க்குப் பக்கத்தில் வரும்வரை நிறுத்துப் பார்.

இன்னொன்று, வெறும் தண்ணீரில் ஊறவைத்த விதையும் ஒரு வரிசை, ஊறவைக்காததும் ஒரு வரிசை கட்டாயம் வை. நன்மையில் ஒரு பங்கு தண்ணீராலேயே வந்துவிடும், அந்த வரிசை இல்லாமல் 'கால்சியத்தால் முளைத்தது' என்று எழுதினால் ஆசிரியர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். கால்சியம் செல்சவ்வைக் காப்பாற்றும், சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்க வேருக்கு உதவும், அது தனிப் பலன். அப்புறம், விதையை முளைக்கப் போடுகிற உப்புத் தண்ணீருக்கு 100 மில்லிமோலார் என்றால் சாப்பாட்டு உப்பு லிட்டருக்கு 5.85 கிராம், ஏறக்குறைய 10 டெசிசீமன்ஸ் காட்டும். அயோடின் சேர்த்த உப்பு வேண்டாம்.

துணி அலமாரியில் ஈரத்தை உறிஞ்ச வைக்கிற பெட்டியிலும் கால்சியம் குளோரைடுதானே? அதைக் கரைக்கலாமா?

வேண்டாம். சிலவற்றில் வாசனையும் சேர்த்திருப்பார்கள், சுத்தம் எவ்வளவு என்று பெட்டியில் இருக்காது.

அண்ணே, நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டால் நாற்று கருகிவிடுகிறது. கடல் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். இந்த ஊறவைப்பு கைகொடுக்குமா?

முதலில் உப்புதானா என்று பாருங்கள். ராஜஸ்தானில் மழை குறைவு, வெயில் நீரை ஆவியாக்கி உப்பை மேலே இழுக்கும். நமக்குப் பெய்கிற மழைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, உப்பு கீழே கழுவிப் போய்விடும். இங்கே உப்பு வந்தால் பெரும்பாலும் மதகு வழியாகத்தான் வரும், கடல் ஏற்றத்தின்போது மதகு சரியாக மூடாமல் வாய்க்காலில் ஏறியிருக்கும். மின்கடத்தும் திறன் அளக்கிற பேனா மாதிரிக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, ஏற்றத்தில் ஒரு தடவை, இறக்கத்தில் ஒரு தடவை வாய்க்கால் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

அளவு பெரிதாக ஏறவில்லை, ஆனால் வாய்க்கால் துரு நிறத்தில் ஓடுகிறது, வெட்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளி தெரிகிறது என்றால் அது உப்பு இல்லை, புளிப்பு. நம் கடலோரச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் இருக்கிறது, வாய்க்காலை ஆழமாக வெட்டிக் காற்றுப் பட்டதும் அமிலமாகிவிடும். அதற்குச் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும், விதையை எதில் ஊறவைத்தாலும் ஒன்றும் நடக்காது. சும்மா 'உப்பு உப்பு' என்று பழி போடுகிற பாதி இடங்களில் விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

நிஜமாகவே உப்பு என்றால், ஊறவைப்பது நாற்று தலைதூக்கும்வரை உதவும். மண்ணிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக்கூட அது எடுக்காது. மேட்டுப்பாத்தி, மழைத் தண்ணீர், மதகு, இந்த மூன்றும் தான் காய்க்க வைக்கும்.

கங்கோங், கீரை, பயற்றங்காய்க்கு எவ்வளவு நேரம்?

கங்கோங் ஒரு ராத்திரி. கீரை விதை அவ்வளவு பொடிசு, ஊறவைத்தால் விரலில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம், அப்படியே தூவுங்கள். பயறு ஜாக்கிரதை, தண்ணீரை அவசரமாகக் குடித்துப் பிளந்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

கோமியத்தில் ஊறவைத்தால்?

கோமியமே உப்புதானே ஐயா. நீர்க்காமல் விட்டால் விதை வெந்துபோகும்.

தாத்தா காலத்தில் நெல்லை உப்புத் தண்ணீரில் போடுவார்களே, முட்டைகூட மிதக்கும் என்பார்கள். அதுவும் இதுதானா?

இல்லை, அது பதர் பிரிக்க. முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புப் போட்டால் நல்ல நெல் அடியில் தங்கும், பதர் மேலே வரும், அள்ளி வீசிவிட்டு அடியில் உள்ளதை உடனே இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிவிடுவார்கள். ஊறவிடக் கூடாது.

கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது, அதையும் ஊறவைக்கலாமா?

அது பூஞ்சணக் கொல்லிப் பூச்சு. ஊறவைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும், அந்தத் தண்ணீரை மீன் இருக்கிற வாய்க்காலில் ஊற்றினால் இன்னொரு வம்பு. அப்படியே கையுறை போட்டு விதைத்துவிடுங்கள், மிஞ்சியதைக் கோழிக்கும் போடாதீர்கள்.