பதில்: படிவத்தில் எல்லாரும் 'நன்று', ஆனால் ஆள் நிற்பதில்லை

140 பேர் உள்ள தையல் யூனிட்டில் கருத்துப் படிவம் கொடுத்தீர்கள், எல்லாரும் 'நன்று' போட்டார்கள், அடுத்த மாதமே பலர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்கிறீர்கள். நீங்கள் இணைத்த படிவத்திலேயே காரணம் இருக்கிறது. மேல் மூலையில் டோக்கன் நம்பர், அதாவது ஆளை அடையாளம் காட்டும் எண்! படிவத்தை வாங்கிச் சேகரித்தது லைன் சூப்பர்வைசர். அவரைப் பற்றிய குறையை அவர் கையிலேயே யார் கொடுப்பார்கள்?

நம்பரை எடுத்துவிடுங்கள். பெயர், வயது, ஊரும் வேண்டாம், செக்‌ஷன் மட்டும் போதும். அயர்னிங்கில் மூன்றே பேர் என்பதால் அதைப் பேக்கிங்கோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதியது யாரென்று தெரிந்துவிடும். பூட்டிய பெட்டியை கேன்டீன் பக்கம், கேமரா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஒடியா, இந்திக்காரர்களுக்கு அவரவர் மொழியில் படிவம் கொடுங்கள்.

"சம்பளமும் சூப்பர்வைசர் நடத்தையும் திருப்தியா?" என்ற ஏழாவது கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது, பிரியுங்கள். அதிலும் 'திருப்தியா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, "ஓவர்டைம் உண்டா என்பதை மதியத்துக்குள் சொல்கிறார்களா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். பன்னிரண்டு கேள்விக்கு மேல் போகாதீர்கள்.

சராசரியை நம்ப வேண்டாம். 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கும்போது பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 போட்டாலும் சராசரி 3தான். செக்‌ஷன் வாரியாக 1, 2 போட்டவர்களை எண்ணுங்கள்.

முடிவை இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், மோசமானதையும் மறைக்காமல். முதலாளி கை வைக்கவே மாட்டார் என்று தெரிந்த விஷயத்தைக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் கூடுதல் எரிச்சல். இரண்டு குறையையாவது சரிசெய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை வார்த்தை மாறாமல் கேளுங்கள்.