இலங்கைக்கான இந்தியத் தூதர் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும்?

"இலங்கைக்கான இந்தியத் தூதர் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டால், இரு நாட்டு உறவை வலுப்படுத்த எதற்கு முன்னுரிமை கொடுப்பீர்கள்?" என்பது கேள்வி.

பாக் நீரிணை மீனவர் சிக்கலுக்கு. மற்றவை அனைத்தும் அதன் பின்னால்தான் வரும்.

காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதரின் பதவிப் பெயர் உயர் ஆணையர். இலங்கைப் பத்திரிகைகள் உயர் ஸ்தானிகர் என்று எழுதுகின்றன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, மூன்றாம் பிரிவில், தூதரகத்தின் பணிகளை வரிசைப்படுத்துகிறது: தன் நாட்டின் சார்பாக நிற்பது, தன் குடிமக்களின் நலன் காப்பது, பேச்சுவார்த்தை நடத்துவது, அந்த நாட்டின் நிலவரத்தை முறையான வழியில் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது, நட்புறவை வளர்ப்பது. இவற்றுள் நான்காவதாகச் சொல்லப்பட்டிருக்கும் பணியையே நான் பெரிதாக எண்ணுகிறேன். எதிர்க்கரையின் நிலவரத்தை நம் அரசுக்கும், நம் மக்களுக்கும், அது நமக்குக் கசப்பாக இருந்தாலும், உள்ளபடி சொல்லும் ஒருவர் அந்தப் பதவியில் இருக்க வேண்டும்.

என் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை. என் தாய்மாமன் விசைப்படகுத் தொழிலாளி. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அவர் சில வாரங்கள் சிறையில் இருந்தபோது, வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்தத் தேதிக்கு வருகிறது, சர்க்கரை நோய் மாத்திரை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற இரண்டைத் தவிர என் அத்தை வேறெதையும் கேட்கவில்லை. தலைவர்களின் கண்டன அறிக்கைகள் தினமும் வந்தன. அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வரப் பல நாட்களாயின. அதனால், சிறையில் உள்ள ஒவ்வொரு மீனவரின் வீட்டுக்கும் தமிழில் பேசும் ஓர் அலுவலர் வாரந்தோறும் தொலைபேசியில் தகவல் சொல்லும் ஏற்பாட்டை நான் முதல் வாரத்திலேயே செய்வேன். 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குவதால் இதற்குப் புதிதாக அலுவலகம் ஒன்றும் தேவையில்லை.

சிக்கலின் மறுபக்கத்தை நான் அறிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறையில் இறங்கி, அதே குடாநாட்டின் வடமராட்சிக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் மணலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். மேல் கயிற்றில் மிதவைகள் வரிசை கலையாமல் இருந்தன. கீழே ஈயக்குண்டுக் கயிறு பாதி நீளத்துக்கு மேல் இல்லை, கண்ணிகள் அறுந்து நூல் நூலாகத் தொங்கின. நான் ராமநாதபுரத்துக்காரன் என்று தெரிந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உங்கட றோலர் (இழுவைப் படகு) போன இடத்திலை வலை இல்லாமல் போச்சுது. வலை வாங்கின கடன் மட்டும் அப்பிடியே நிக்குது" என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் ஏதும் இருக்கவில்லை.

நம் பக்கத்தில் கச்சத்தீவைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லையைக் கோடாக்கின என்பது உண்மை. ஆனால் இன்றைய மோதலின் வேர் இழுவை மடியில், அதாவது விசைப்படகு கடல் தரையோடு இழுத்துச் செல்லும் வலையில், இருக்கிறது. 1950களில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய இயந்திரமயமாக்கலும், அதைத் தொடர்ந்த இறால் ஏற்றுமதியும் நம் கரையில் விசைப்படகுகளைப் பெருக்கின. போர்க்காலத்தில் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குள் போக முடியாதிருந்த ஆண்டுகளில் நம் படகுகள் அந்தப் பக்கம் போவது பழக்கமாகிவிட்டது. 2009இல் போர் முடிந்து, வாங்கிய கடனில் சிறு படகும் செவுள் வலையுமாக அவர்கள் திரும்பி வந்தபோது, இரவில் அவர்கள் விரித்த வலைக்குக் குறுக்கே கடல் தரையைச் சுரண்டியபடி நம் மடி போகிறது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலைச் சட்டப்படி தடை செய்தது. அந்தக் கரையில் பாதிக்கப்படுவோரும் தமிழர்களே என்பதை நம் மேடைகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

தூதர் ஒருவரால் இதைத் தனியே தீர்க்க இயலாது. மீன்பிடித் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு, கடல் எல்லை மத்திய அரசு, கைது நடவடிக்கை இலங்கைக் கடற்படை என்று அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. ஆனால் இம்மூவரையும் கேட்கச் செய்யும் இடம் அவருடையது. 2016இல் அமைக்கப்பட்ட இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவை ஒழுங்காகக் கூட்டச் செய்யலாம். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்களே நேரில் அமர்ந்து பேசிய முறையை மீட்கலாம். இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற 2017இல் வந்த திட்டத்தில், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 70 விழுக்காடு மானியம் அறிவித்தும், 2,000 படகுகள் என்ற இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தூண்டில் போடும் தொழில், இரவில் போய்க் காலையில் திரும்பிப் பழகிய நம்மவர்களுக்குப் புதிது; மானியம் மட்டும் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிடாது. இதை டெல்லிக்கு எழுத வேண்டியது மீன்வளத் துறையின் வேலை மட்டும்தான் என்று கொழும்பில் இருப்பவர் ஒதுங்கிவிடக் கூடாது.

அடுத்து, கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை எந்த ஒப்பந்தத்தையும் விட அதிகமான மக்களை நேரடியாகத் தொடுவது. நான்கு மணி நேரப் பயணம். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அம்மா, திருமணமாகிப் போன தங்கையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மடியில் வைத்த பையை வழி முழுதும் கீழே இறக்கவே இல்லை. இந்தச் சேவை இடையில் நிற்காமல் ஓடும் என்ற நம்பிக்கையை ஏற்படுத்துவது தூதரகத்தின் அன்றாடக் கவலையாக இருக்க வேண்டும்.

வணிகத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2000 முதல் தடையற்ற வணிக உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது, அதை விரிவாக்கும் பேச்சை நடத்த வல்லுநர்கள் உண்டு. சிங்கள மக்களின் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1987 ஜூனில் யாழ்ப்பாணத்தின் மேல் நம் விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டதும், அடுத்து வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தமும் இந்திய அமைதிப் படையும் அவர்களிடம் ஓர் அச்சத்தையும், தமிழர்களிடம் வேறொரு காயத்தையும் விட்டுச் சென்றன. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியதும், தமிழ்நாடு 40,000 டன் அரிசி அனுப்பியதும், 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையில் தொடங்கியதும் அந்த அச்சத்தை ஓரளவு கரைத்திருக்கின்றன. துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, மின் திட்டம் ஆகியவற்றில் மூடிய கதவுக்குள் பேசினால் அது மீண்டும் உறையும். நான் சிங்களம் கற்பேன். என் அலுவலர்களையும் கற்கச் சொல்வேன்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்கு இந்தியா அறிவித்த வீடுகளின் பணியையும் நேரில் போய்ப் பார்ப்பேன். அங்குள்ள இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை குறித்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று இரு தலைநகரங்கள் எண்ணிப் பிரித்தபோது, அந்தத் தோட்டத் தொழிலாளர்களைக் கேட்கவில்லை. அந்தக் கடன் நம்முடையதும்கூட.

மீனவர் பேச்சுக்கு ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நம் படகுகள் கரையில் இருக்கும், அவர்களின் வலை அறுபடாது, இரு பக்கமும் கோபம் சற்றே தணிந்திருக்கும். பொறுப்பேற்றதும் அந்த நாட்களுக்குள் இரண்டு சந்திப்புகளுக்குத் தேதி குறிப்பேன்: முதலாவது யாழ்ப்பாணத்தில், இரண்டாவது ராமநாதபுரத்தில். அந்த வடமராட்சிப் பெரியவரைப் போன்றவர்கள் அதே கப்பலில் இங்கே வர வேண்டும்; கிழிந்த வலையையும் கூடவே எடுத்து வரச் சொல்வேன்.